உஷ்ணத்துக்கு ஓர் இடம்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மூர் பொறியியற் பள்ளியில், 18,000-க்குச் சற்றே குறைந்த வெற்றிடக் குழல்களையும் ஏறத்தாழ 30 டன் எடையையும் உடைய எனியாக் என்னும் கணிப்பொறி உலகத்தாருக்கு அறிமுகம் செய்யப்பட்டபோது, கண்டவர்கள் வியந்தது அதன் வேகத்தைத்தான். அதன் ஊடே ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருந்த விசிறிகளைச் சரித்திரம் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கணக்குப் போடுதல் என்பது பாரம் தூக்குவது போன்றதோ கிணற்று நீரை இறைப்பது போன்றதோ ஆன காரியமன்று. ஆகையால் அந்த யந்திரம் உட்கொண்ட சுமார் 150 கிலோவாட் மின்சாரம் அத்தனையும் உஷ்ணமாகவே மாறி, வெளியேற வழி தேடிற்று. அவ்வழியைக் காற்று அமைத்துக் கொடுத்தது.

இன்று மேசை ஓரத்தில் அடங்கக்கூடிய சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தம் கையாலேயே பூட்ட விரும்புகிறவர்கள், பிராசசரின் தலைமேல் ஏர் கூலரை வைப்பதா, லிக்விட் கூலிங்கை நாடுவதா என்று நாட்கணக்கில் தர்க்கிக்கிறார்கள். இரண்டில் எது வலியது என்ற ரூபத்திலேயே பெரும்பாலும் அந்தத் தர்க்கம் நடக்கிறது. பழைய கதையைப் புரட்டிப் பார்த்தாலோ, எங்கே இடம் இருக்கிறது என்பதே எக்காலத்திலும் வழக்கைத் தீர்த்து வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு குறிப்பிட்ட கன அளவு நீர், அதே கன அளவு காற்றைக் காட்டிலும் சுமார் 3,500 மடங்கு உஷ்ணத்தைத் தாங்கிச் செல்ல வல்லது என்பது மெய்யே. எனினும் அந்த நீர் ஒரு சுமைதூக்கிதான். எடுத்த மூட்டையை எங்கேனும் இறக்கியே தீர வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது இறங்குமிடம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைத் தாண்டி, அறையின் காற்றேயாகும்.

பெரிய கணிப்பொறிகளைச் செய்தவர்கள் இதை வெகு சீக்கிரத்திலேயே உணர்ந்திருந்தார்கள். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் கட்டிய சிஸ்டம் 360 வரிசையின் 91-ஆம் மாடலில், ஒரு மின்பலகையைக் கடந்து சூடேறிய காற்று அடுத்த பலகையை அடையுமுன் அதைத் தணிப்பதற்காக, இரண்டுக்கும் இடையே குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள் வைக்கப்பட்டன. காற்றும் நீரும் அங்கே எதிரிகளாக இல்லாமல் கூட்டாளிகளாக வேலை செய்தன. 1980-இல் அதே நிறுவனம் அறிவித்த 3081 என்னும் யந்திரத்திலோ, நெருக்கடி முற்றிவிட்டது. 9 சென்டிமீட்டர் சதுரமுள்ள பீங்கான் பலகை ஒன்றின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் நெருங்கி அமர்ந்திருக்க, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஓர் அலுமினியப் பிஸ்டன் வில்லின் அழுத்தத்தால் பதிந்திருக்க, இடைவெளிகளிலெல்லாம் காற்றைவிடச் சுமார் ஆறு மடங்கு நன்றாக உஷ்ணத்தைக் கடத்தும் ஹீலியம் வாயு நிரம்பியிருக்க, அந்தப் பிஸ்டன்கள் ஏந்தி வந்த வெப்பத்தை மேலே இருந்த தகட்டினுள் ஓடிய நீர் வாங்கிக்கொண்டு போயிற்று. நீர் சில்லைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சதுர அங்குலமும் வீணாகாதபடி சில்லுகளை நெருக்கியது வேகத்தின் பொருட்டு. அந்த நெருக்கத்தில் காற்று நுழைய இடமில்லாமற் போனதால்தான் நீர் அழைக்கப்பட்டது.

இவ்விஷயத்தில் அதிவேகக் கணிப்பொறிகளை வடிவமைத்த சீமோர் கிரேயின் பிரயத்தனங்கள் தனியே ஒரு புராணமாக விரியத்தக்கவை. 1976-இல் லாஸ் ஆலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த கிரே-1, ஆங்கில எழுத்து ‘சி’யைப் போல் வளைந்த கோபுரமாகவும், அதன் அடியில் மெத்தை தைத்த இருக்கைகள் சூழ்ந்ததாகவும் காட்சியளித்தது, வந்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிய அந்த இருக்கைகளுக்குக் கீழே மின்வழங்கும் கருவிகள் ஒளிந்திருந்தன. கம்பிகளின் நீளத்தைக் குறைத்தால் மின்குறிகள் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதற்காகவே அந்த வளைவு. 115 கிலோவாட் மின்சாரத்தை அவ்வளவு சிறிய உருவத்துக்குள் செலுத்தியதன் பலனாக, குளிர்சாதனப் பெட்டியில் பயன்படும் ஃப்ரியான் திரவத்தை அந்தக் கோபுரத்தின் செங்குத்தான அலுமினியக் கம்பங்களினூடே ஓட்ட வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் அந்தத் திரவம் கசிந்தபோது, அதனுடன் கலந்திருந்த மசகெண்ணெயும் வெளிப்பட்டு மின்பலகைகளைக் கெடுத்தது. பற்றவைக்கும் முறையையே புதிதாகக் கண்ட பின்னர்தான் அந்த உபத்திரவம் தீர்ந்தது. உலகத்திலேயே அதிவேகக் கணிப்பொறி என்று புகழ் பெற்ற அந்த யந்திரத்துக்காகப் பெறப்பட்ட காப்புரிமை, கணக்கிடும் முறையைப் பற்றியதாக இல்லாமல் குளிர்விக்கும் முறையைப் பற்றியதாக இருந்தது என்பது எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும் செய்தி. 1985-இல் வெளிவந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரத்தைக் கடத்தாத ஃப்ளூரினெர்ட் என்னும் திரவத்தில் மின்பலகைகளை முழுவதுமாகவே மூழ்க வைத்துவிட்டது.

இத்தனை சாமர்த்தியத்துக்குப் பின் நீரின் செல்வாக்கு நிலைத்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அப்படி நடக்கவில்லை. நிலை மாறும் கணத்தில் மட்டுமே பெரும்பாலும் மின்சாரத்தைச் செலவிடும் சீமாஸ் என்ற டிரான்சிஸ்டர் வகை, 1990-களில் பழைய பைபோலார் வகையின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்ள, ஐ.பி.எம்.மின் பெரிய யந்திரங்கள்கூட மறுபடி காற்றிடமே திரும்பின. குழாய்களும் பம்புகளும் விடைபெற்றன. பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் சீமாஸும் சூடேறியபோது, அதே நிறுவனம் 2008-இல் பவர் 575 என்னும் யந்திரத்தில் நீரைத் திரும்பவும் அழைத்துக்கொண்டது.

வீட்டுக் கம்ப்யூட்டரின் கதையும் இதே சக்கரத்தின் சிறிய சுழற்சிதான். 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரில், 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய 8088 சில்லு, தலையில் ஹீட் சிங்க் எதுவும் இல்லாமலே வேலை பார்த்தது. மின்வழங்கியில் இருந்த ஒற்றை ஃபேனே பெட்டி முழுமைக்கும் போதுமானதாக இருந்தது. 1993-இல் வந்த முதல் பென்டியம் 15 வாட் அளவில் கொதித்தபோது, சில்லின்மேல் சிறு விசிறி பூட்டுவது வழக்கமாயிற்று. 1998-இல், இன்டெல்லின் மலிவான செலரான் 300ஏ என்னும் சில்லை 450 மெகாஹெர்ட்ஸ் வரை விரட்டலாம் என்று கண்ட பொழுதுபோக்காளர்களுள் துணிந்தவர்கள், மோட்டார் காரின் ஹீட்டரிலிருந்து கழற்றிய ரேடியேட்டரையும் மீன் தொட்டிக்கு விற்கும் பம்பையும் ரப்பர்க் குழாயால் இணைத்துத் தாங்களே நீரோட்டம் அமைத்தார்கள். 2004-இல் பென்டியம் 4 வரிசையின் பிரஸ்காட் சில்லுகளுள் சில 115 வாட்டை எட்டின. அந்த மே மாதத்திலேயே இன்டெல் அதன் வாரிசாக வரவிருந்த டேஜாஸைக் கைவிட, அடுத்த மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி5 யந்திரத்தைத் தொழிற்சாலையிலேயே திரவக் குளிர்ச்சி பூட்டி அறிவித்தது.

இதற்கிடையில் ‘காற்று’ என்று நாம் பெயரிட்டு அழைக்கும் கூலரும் சும்மா இருக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய ரிச்சர்ட் காக்லர் 1942-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்ற ஒரு யுக்தியை, 1963-இல் லாஸ் ஆலமோஸில் ஜார்ஜ் குரோவர் தாமாகவே கண்டு ஹீட் பைப் என்று அழைத்தார். இருமுனையும் மூடிய ஒரு குழாய்க்குள் சிறிதளவு திரவம். சூடான முனையில் அது ஆவியாகிக் குளிர்ந்த முனைக்கு ஓடித் திரும்பவும் திரவமாகி, உட்சுவரில் பதித்த நுண்துளைப் படலத்தின் வழியே தானாகவே திரும்பி வரும். பம்பு வேண்டாம், அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. விண்வெளிக் கருவிகளுக்காக வளர்ந்த அந்தக் குழாய், 2002-இல் தைவானின் ஷட்டில் நிறுவனம் விற்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களில் பிராசசரின் வெப்பத்தைப் பெட்டியின் பின்சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே இன்று கடையில் கிடைக்கும் நல்ல ஏர் கூலரைக் கையில் எடுப்பவர், அறிந்தோ அறியாமலோ, திரவம் அடைத்த நாலைந்து செப்புக் குழாய்களைக் கையில் எடுக்கிறார்.

சிறிய பெட்டிக்குச் சட்டம் வகுத்தது தைவானின் வியா நிறுவனம் 2001-இல் வெளியிட்ட மினி ஐ.டி.எக்ஸ். என்னும் அளவு: மதர்போர்டு 170 மில்லிமீட்டர் சதுரம், அவ்வளவே. ஆதியில் மிதமான சில்லுகளுக்காக ஏற்பட்ட அந்தப் பலகைமேல், பின்னர் வந்தவர்கள் அதிவேகச் சில்லுகளை ஏற்றியபோது, உயரம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவா 2014-இல் கொண்டுவந்த என்.எச். டி15 என்னும் ஏர் கூலர் 165 மில்லிமீட்டர் உயரம். அதே நிறுவனத்தின் எல்9 வகையோ விசிறியோடு சேர்த்து 37 மில்லிமீட்டர்தான். 2013-இல் பொதுமக்களின் முன்பணத்தால் உருவான என்கேஸ் எம்1 என்னும் 12.6 லிட்டர் பெட்டியில் உயர்ந்த கூலருக்கு இடமில்லை. பக்கவாட்டுச் சுவரில் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டருக்கு இடம் இருந்தது. சில வருஷங்கள் கழித்து வந்த டான் ஏ4 என்னும் 7.2 லிட்டர் பெட்டி, கூலருக்கு 48 மில்லிமீட்டர் மட்டுமே அனுமதித்தது. முதற்பெட்டியில் நீரும் இரண்டாவதில் பெரும்பாலும் காற்றும் வென்றதற்கு அந்த அளவுகளே காரணம்.

நீர் இவ்வளவு எளிதில் சாமானியர் கைக்கு வந்ததற்கு டென்மார்க்கின் அசெடெக் நிறுவனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பம்பு, குழாய், ரேடியேட்டர் மூன்றையும் நிரப்பி மூடி ஒரே பொருளாக அது செய்து கொடுக்க, 2009-இல் கோர்செயர் அதை ஹெச் 50 என்ற பெயரில் விற்றது; நீர் ஊற்றும் வேலையும் கசியுமோ என்ற அச்சமும் வாங்குகிறவருக்கு வெகுவாகக் குறைந்தன. எனினும் ரப்பர்க் குழாயின் சுவர் வழியே சிறுகச் சிறுகத் திரவம் ஆவியாகிப் போவதை யாரும் நிறுத்திவிடவில்லை. பம்பும் ஒருநாள் ஓயும். ஏர் கூலரில் ஓயக்கூடியது விசிறி ஒன்றே. அதைச் சில நூறு ரூபாயில்கூட மாற்றிவிடலாம்.

65 வாட் வகைப் பிராசசரைச் சிறிய பெட்டியில் வைக்கிறவர் நீரை நாடுவது, என் மதிப்பில், ஆடம்பரமே. 2022-இல் வந்த கோர் ஐ9 13900கே போல 253 வாட் வரை உண்ணும் சில்லை விரும்புகிறவருக்கோ, தலைக்குமேல் உயரம் இல்லாமல் சுவரில் மட்டும் விஸ்தாரம் இருக்கும் பெட்டியில் ரேடியேட்டரைத் தவிர வேறு கதி இல்லை. அப்படி வைப்பவர், பம்பு அந்தச் சுற்றின் உச்சியில் அமையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். திரவம் குறையக் குறையச் சேரும் காற்றுக் குமிழி உயர்ந்த இடத்தையே நாடும் ஆதலால், அது ரேடியேட்டரின் மேல்முனையில் தங்கினால் கெடுதலில்லை, பம்புக்குள் தங்கினால் முதலில் இரைச்சலும் பிறகு செலவும் வந்து சேரும்.