டிசம்பர் வரை பணம் யார் கையில்? கிறிஸ்துமஸ் சேமிப்பின் கதை

போன பொதுக்குழுவில் ‘இதர விஷயங்கள்’ வரும்போது வந்த யோசனை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜனவரியிலிருந்து வீட்டுக்கு வாரம் 200 ரூபாய் வசூலிப்பது. தீபாவளிக்கு வேண்டியவர்களுக்கு அப்போதும், கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர்களுக்கு டிசம்பரிலும் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது. கூடவே மளிகை, எண்ணெய், கேக், இனிப்பு எல்லாவற்றையும் மொத்த விலையில் வாங்கிக்கொள்வது. நல்ல யோசனைதான், கைதட்டலும் கிடைத்தது. நான் மட்டும் எழுந்து, “டிசம்பர் வரைக்கும் அந்தப் பணம் யார் கணக்கில் இருக்கும்?” என்று கேட்டேன். “சார் ரிட்டயர் ஆனாலும் பேங்க் புத்தியை விடமாட்டேங்கிறார்” என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது இல்லை. அதற்கு 150 வருஷத்துக்கு மேல் வயதாகிறது. அதன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிறிஸ்துமஸ் செலவில் ஒரு விசேஷம் உண்டு. தேதி மாறவே மாறாது. டிசம்பர் 25 வரும் என்று ஜனவரி 1-ஆம் தேதியே தெரியும். இருந்தும் டிசம்பர் பிறந்ததும் ஊர் ஊராகக் குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன. வருமானம் வாரத்துக்கும் மாதத்துக்குமாகப் பிரிந்து வருகிறது. செலவோ ஒரே நாளில் மொத்தமாக வந்து நிற்கிறது. கூலி வாரக் கணக்கில் கிடைத்த பழைய லண்டனில் இது இன்னும் கடுமை.

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளி வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் ‘கூஸ்’ என்ற பெரிய வாத்துதான். வான்கோழி வசதி உள்ளவர்களுக்கு. 1843-இல் வெளிவந்த டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையில் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வீட்டில் வேகிற வாத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது அவர்கள் வீட்டு அடுப்பில் வேகவில்லை, தெருமுனை ரொட்டிக்கடையில் கொடுத்து வாட்டி எடுத்து வருகிறார்கள். வாத்து வேகும் அளவுக்கு அடுப்பு எல்லார் வீட்டிலும் கிடையாது. அந்தக் குமாஸ்தாவின் சம்பளம் வாரம் 15 ஷில்லிங். நானும் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் இந்த இடம் எனக்கு எப்போதும் மனதில் நிற்கும்.

அந்த வாத்தை வாங்க ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் ‘கூஸ் கிளப்’. தெருவில் உள்ள மதுக்கடைக்காரரிடம் வாரா வாரம் சில பென்னி கொடுத்து வரவேண்டும். அவர் நோட்டில் குறித்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு முன் ஆளுக்கு ஒரு வாத்து, பல இடங்களில் கூடவே ஒரு பாட்டில் ஜின். ஷெர்லாக் ஹோம்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1892-இல் வந்த ‘நீல மாணிக்கம்’ கதையில் காணாமல் போன வாத்து இப்படி ஒரு கிளப்பில் சில்லறை கட்டிப் பெற்றதுதான். கதாசிரியர் கோனன் டாயில் அதற்குப் பெரிய விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. அவருடைய வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதில் மதுக்கடைக்காரருக்கு என்ன லாபம்? வாரா வாரம் காசு கட்ட வருகிறவர் வெறும் தொண்டையோடு திரும்பிப் போவாரா? சேமிப்பு 3 பென்னி என்றால் குடிக்கு 6 பென்னி. மது எதிர்ப்புக்காரர்கள் இதைத்தான் கடுமையாகச் சாடினார்கள். இன்னொரு ஆபத்தும் இருந்தது. கிளப் பணத்துக்குக் கணக்கு ஒரே ஒருவரிடம். டிசம்பரில் அவர் பெட்டியோடு மறைந்தால் வாத்தும் இல்லை, பணமும் இல்லை. கிளப் செயலாளர் காசோடு ஓடிப்போவது அந்நாட்களில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

பாதுகாப்பான இடம் அப்போது இல்லாமல் இல்லை. 1861-இல் பிரிட்டிஷ் அரசு தபால் அலுவலகச் சேமிப்பு வங்கியைத் தொடங்கியது. ஒரு ஷில்லிங் இருந்தால் கணக்கு தொடங்கலாம், இரண்டரை சதவீத வட்டி, அரசாங்கமே உத்தரவாதம். ஒரு ஷில்லிங்கை ஒரே நேரத்தில் புரட்ட முடியாதவர்களுக்காக 1880-இல் தபால் துறைத் தலைவர் ஹென்றி ஃபாசெட் இன்னொரு வழி செய்தார். அவர் கண் பார்வை இழந்தவர். ஒரு தாளில் பென்னி ஸ்டாம்பு ஒவ்வொன்றாக ஒட்டி வரவேண்டும், 12 சேர்ந்ததும் ஒரு ஷில்லிங்காக வரவு. நம் ஊருக்குத் தபால் சேமிப்பு வங்கி 1882-இல் வந்தது.

அப்படியிருந்தும் கூஸ் கிளப் சாகவில்லை. காரணம் எனக்குக் கவுன்ட்டரில் உட்கார்ந்த அனுபவத்தில் புரிகிறது. தபால்காரர், “என்னம்மா, இந்த வாரம் காசு கட்டலையே?” என்று கேட்கமாட்டார். மதுக்கடைக்காரர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். வட்டியை விட அந்தக் கேள்விதான் சேமிக்க வைத்தது.

இதைச் சரியாகப் பிடித்தவர் அமெரிக்காவில் ஒரு வங்கிக்காரர். பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற சின்ன ஊர். அங்கே கார்லைல் டிரஸ்ட் கம்பெனியின் பொருளாளர் மெர்க்கல் லாண்டிஸ், 1909-இல் ‘கிறிஸ்துமஸ் சேமிப்பு நிதி’ என்று ஒன்றைத் தொடங்கினார். வாரா வாரம் கட்டவேண்டும், நடுவில் எடுக்கக்கூடாது, டிசம்பர் 1-ஆம் தேதி மொத்தமும் கையில். முதல் வருஷம் சுமார் 350 பேர் சேர்ந்து ஆளுக்கு ஏறத்தாழ 28 டாலர் சேர்த்தார்கள். வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் 60 சென்ட் கூட இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்ற வங்கிகளும் தொடங்கின. ‘கிறிஸ்துமஸ் கிளப்’ என்ற பெயர் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

இதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. பி.காம். படித்தவன் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வங்கிகளில் ஏறுமுகத் திட்டம் ஒன்று இருந்தது. முதல் வாரம் 1 சென்ட், இரண்டாம் வாரம் 2 சென்ட், இப்படியே 50-ஆம் வாரம் 50 சென்ட். மொத்தம் 12 டாலர் 75 சென்ட். தொடங்கும்போது விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பாரம் முழுக்க வந்து விழுவது நவம்பரில், குளிருக்கு விறகும் கோட்டும் வாங்கவேண்டிய நேரத்தில். அதனால் இறங்குமுகத் திட்டமும் வைத்தார்கள். முதல் வாரம் 50 சென்ட், கடைசி வாரம் 1 சென்ட். தொகை அதேதான், அவஸ்தை பாதி. நம் பணத்தில் சொன்னால் முதல் வாரம் 500 ரூபாய், பிறகு வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் குறைத்து கடைசி வாரம் 10 ரூபாய். 50 வாரத்தில் 12,750 ரூபாய். நாலு பேர் வீட்டுக்குப் புதுத்துணி, பலகாரம், கேக், குடில் அலங்காரம் எல்லாம் கடன் இல்லாமல் முடியும்.

வட்டி? பல கிளப்புகளில் ஒன்றுமே கிடையாது, கொடுத்த இடத்திலும் சொற்பம். பொருளாதாரப் பேராசிரியர்களுக்கு இது பெரிய புதிர். சாதாரண சேமிப்புக் கணக்கில் வட்டியும் வரும், நினைத்தபோது எடுக்கவும் செய்யலாம். அதை விட்டுவிட்டு ஏன் இதில் போய்ச் சேருகிறார்கள்? ரிச்சர்ட் தாலர் என்ற பேராசிரியர் இந்தக் கிறிஸ்துமஸ் கிளப்பையே உதாரணமாக வைத்து, மனிதன் தன் கையிடமிருந்து தன் பணத்தைக் காப்பாற்ற இப்படிப் பூட்டிக்கொள்கிறான் என்று விளக்கினார். அவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் கவுன்ட்டருக்கு வந்த அக்காக்களுக்கு இது 1980-களிலேயே தெரியும்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கிளையில் இருந்தேன். அங்கே டிசம்பர் முதல் வாரம் என்றால் ஆர்.டி. கணக்கை முடிக்கும் கூட்டம். ஜனவரியில் 20 ரூபாய், 30 ரூபாய் என்று தொடங்கியிருப்பார்கள். ஆசிரியைகள், நர்சுகள், பீடி சுற்றும் பெண்கள். “தம்பி, நடுவுல நான் வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க” என்று ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஜூன் மாதம் அவரே வந்து பள்ளிக்கூடச் செலவுக்குக் கேட்டார். கொடுக்காமல் இருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கொடுத்தேன். அந்த டிசம்பரில் அவர் கிளைப் பக்கம் வரவில்லை.

வங்கி ஊழியர்களான எங்களுக்கோ வேறு வசதி. பண்டிகை முன்பணம், வட்டி இல்லாமல், பத்து மாதத்தில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். இந்துக்கள் தீபாவளிக்கு வாங்குவோம், கிறிஸ்தவ நண்பர்கள் டிசம்பரில். அவர்கள் முன்னால் சேர்த்துச் செலவழித்தார்கள், நாங்கள் செலவழித்துவிட்டுப் பின்னால் கட்டினோம்.

வங்கியில் போட்டால் மட்டும் ஆபத்தே இல்லையா? 1930 டிசம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் ‘பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கதவைச் சாத்தியது. பெயரைப் பார்த்து அரசு வங்கி என்று நினைக்கவேண்டாம், அது தனியார் வங்கிதான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்கள் தெருவில் நின்றார்கள். இப்படி ஆயிரக்கணக்கான வங்கிகள் விழுந்த பிறகுதான் அமெரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. 1934 ஜனவரி முதல் ஆளுக்கு 2,500 டாலர் வரை. நமக்கும் அதே கதைதான். 1960-இல் கேரளத்தில் பாலா சென்ட்ரல் வங்கி விழுந்தது, 1962-இல் காப்பீடு வந்தது. அன்று 1,500 ரூபாய் வரைதான். இன்று வங்கிக்கு ஆளுக்கு 5 லட்சம் வரை.

ஆனால் காப்பீடு வங்கிக்குத்தான், சீட்டுக்கும் ஃபண்டுக்கும் கிடையாது. இதை இங்கிலாந்து 2006-இல் மறுபடி படித்தது.

ஃபேர்பாக் என்று ஒரு கம்பெனி. வருஷம் முழுக்க மாதாமாதம் பணம் கட்டினால் கிறிஸ்துமஸுக்கு உணவுக்கூடையும் கடைகளில் பொருள் வாங்கும் வவுச்சரும் கொடுக்கும். கட்டியவர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானக் குடும்பங்கள். வசூல் செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, அத்தை, உடன் வேலை செய்பவர். அவர்களே ஏஜென்ட். 2006 அக்டோபர் 13-ஆம் தேதி கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. பண்டிகைக்குப் பத்து வாரம் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பணம், ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் பவுண்டு, உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வைக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது கம்பெனியின் பொதுப் பணத்தோடு கலந்து, குழுமத்தின் செலவுகளுக்குப் போயிருந்தது. கம்பெனிக் கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும், திவாலில் பிணை வைத்திருக்கும் வங்கிக்கு முன்னுரிமை. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய தாய்மார்கள் பிணையற்ற கடன் கொடுத்தவர்கள், வரிசையில் கடைசி. கடைகளும் வங்கியும் நன்கொடை போட்டு அந்த வருஷத்துக்கு ஓரளவு உதவினார்கள். 2012-இல்தான் மொத்தத்தில் பவுண்டுக்கு ஏறத்தாழ பாதி கிடைக்கும் என்ற நிலை வந்தது. அதற்குள் ஆறு கிறிஸ்துமஸ் போய்விட்டது. பிறகு மற்ற கம்பெனிகள் வாடிக்கையாளர் பணத்தைத் தனி அறக்கட்டளைக் கணக்கில் வைக்க ஒப்புக்கொண்டன. அதையே கட்டாயமாக்கும் பிரிட்டிஷ் சட்டம் 2024-இல்தான் வந்தது.

ஊரார் கதையைச் சொல்லிவிட்டு என் வீட்டுக் கதையை மறைப்பது முறையில்லை. 1997-இல் என் மனைவி எனக்குத் தெரியாமல் ஒரு தீபாவளிச் சீட்டில் சேர்ந்தாள். மாதம் 100 ரூபாய், 12 மாதம். பட்டாசுப் பெட்டி, இனிப்பு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. சேர்த்துவிட்டது எங்கள் தெருவிலேயே எல்லாருக்கும் வேண்டிய ஒரு மாமி. புரட்டாசியில் சீட்டு நடத்தியவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். போன 1,100 ரூபாயை விட, வங்கிக்காரன் வீட்டிலேயே இப்படி ஆயிற்றே என்ற பேச்சுதான் எனக்கு உறுத்தியது. மாமி அவருடைய வளையலை அடகு வைத்து எல்லார் வீட்டுக்கும் ஆளுக்கு 200 ரூபாய் கொண்டுவந்தார். நாங்கள் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசல் வழியாகப் போகாமல் பின்தெரு வழியாகப் போய் வந்தார். பணம் போனதில் மாமிக்கு ஒரு குற்றமும் இல்லை.

இதனால்தான் கேட்டேன். பி பிளாக் சகோதரிகள் ஒருவர் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. வசூலிப்பவருக்கே பின்தெரு வழி வந்துவிடக்கூடாது என்பதுதான் கவலை. தவிர, சட்டப்படி முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு 2019-இல் தடைச்சட்டம் வந்திருக்கிறது. சங்கம் பணம் வாங்கி வைப்பதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்பது நல்லது.

என் யோசனை இது. பணம் அவரவர் பெயரில் அவரவர் வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி.யாக இருக்கட்டும். ஜனவரியில் தொடங்கினால் தீபாவளிக்காரர்கள் கொஞ்சம் முன்னால் முடிக்கவேண்டி வரும், வட்டியில் சிறிது குறையும், அவ்வளவுதான். சங்கம் இரண்டு வேலை மட்டும் செய்யட்டும். ஒன்று, மாதம் முதல் ஞாயிறு யார் கட்டினார்கள், யார் விட்டார்கள் என்று உரிமையோடு கேட்பது. மதுக்கடைக்காரர் செய்த அந்த வேலையை நம் சகோதரிகள் இன்னும் நன்றாகவே செய்வார்கள். இரண்டு, அக்டோபரிலும் டிசம்பரிலும் எல்லாருடைய பட்டியலையும் சேர்த்து மொத்த விலைக்குப் பேசுவது. பணம் பொருள் வந்த அன்று கடைக்காரருக்கு நேராகப் போகும்.

ஆர்.டி. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் கிளப் ஹவுசுக்கு வரலாம். ஆதார், பான் நகல், ஒரு போட்டோ போதும். நான் அங்கேதான் இருப்பேன். என் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பழைய சீட்டு அட்டையை பிஸ்கட் டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறாள், பதினோரு மாத முத்திரையோடு. கேட்டால் காட்டுவாள்.