ஆன்ட்டி-ஸ்கேட்: ஒரு சின்னத் திருகின் நூறாண்டுக் கதை

ரெக்கார்ட் ப்ளேயர் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஊசியைத் தாங்கும் கையின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதில் 0 முதல் 3 வரை எண்கள் இருக்கும். சில கருவிகளில் திருகுக்குப் பதிலாக ஒரு நூலும் அதில் தொங்கும் குட்டி எடையும் இருக்கும். இதன் பெயர் ஆன்ட்டி-ஸ்கேட். எதற்கென்று பார்த்தவுடன் புரியாது. ஆனால் இதற்குப் பின்னால், ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொரு தவறு பிறந்த கதை இருக்கிறது!

1877-ல் எடிசன் செய்த போனோகிராபில் இந்தத் தொல்லை கிடையாது. ஒலி ஓர் உருளையின் மேல் பதிந்தது. திருகு மரை போட்ட தண்டில் உருளை சுழன்றபடியே நேராக நகர்ந்தது. 1887-ல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்ற எமில் பெர்லினர், உருளையை விட்டுத் தட்டுக்கு மாறினார். தட்டை அச்சடிப்பது போல ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். வியாபாரம் ஜெயித்தது.

ஆனால் தட்டில் ஒரு சிக்கல் இருந்தது. இசைத்தட்டின் பள்ளத்தை வெட்டும் இயந்திரம், வெளி ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் போகும். கேட்கும் கருவியின் கையோ ஒரு முனையில் மாட்டப்பட்ட கதவு மாதிரி வளைந்து திரும்பும். அதனால் ஊசி பல இடங்களில் பள்ளத்துக்குக் கோணலாக நின்றது, ஒலியும் சிதைந்தது.

1924-ல் பெர்சி வில்சன் என்ற ஆங்கிலேயர், 'தி கிராமபோன்' பத்திரிகையில் இதற்கு வழி சொன்னார். கையின் தலைப்பகுதியைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஊசி முனை தட்டின் மையத்தைச் சற்றே தாண்டி நிற்க வேண்டும். அவ்வளவுதான், கோணல் பெருமளவு குறைந்துவிடும். 1938-ல் ஸ்வீடனின் எரிக் லோஃப்கிரென், 1941-ல் பேர்வால்ட் ஆகியோர் இதற்கான கணிதத்தை முழுமையாக்கினார்கள். ஊசியைச் சரியாகப் பொருத்த உதவும் அளவுத் தாள்கள் இன்றும் இவர்கள் கணக்கை வைத்தே வரையப்படுகின்றன.

இங்கேதான் புதுத் தொல்லை ஆரம்பம். சுழலும் தட்டு, உராய்வினால் ஊசியைத் தன்னோடு இழுக்கும். கை நேராக இருந்தபோது அந்த இழுப்பு ஏறக்குறைய கையின் நீளவாக்கிலேயே போனது. தலையைத் திருப்பிய பிறகு, இழுப்பின் திசை கை மாட்டப்பட்ட அச்சை விட்டு விலகிவிட்டது. விளைவு, கை மொத்தமும் மையத்தை நோக்கி இழுபடுகிறது. இந்த விசை, ஊசியின் அழுத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 2 கிராம் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 0.2 கிராம்.

பழைய கிராமபோனில் இதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஊசியின் மேல் 100 கிராமுக்கும் அதிகமான எடை இருந்தது. பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஒரே ஒலிதான்.

நிலைமை மாறியது 1948-ல். எல்.பி. தட்டுகள் மெல்லிய பள்ளங்களோடு வந்தன, ஊசியின் எடை சில கிராம்களாகக் குறைந்தது. 1958-ல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தன. ஆலன் ப்ளம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்த யோசனை அது. பள்ளத்தின் உள்சுவரில் இடது ஒலி, வெளிச்சுவரில் வலது ஒலி. இப்போது உள்நோக்கிய இழுப்பினால் உள்சுவர் அதிகமாக அழுத்தப்பட்டது. வெளிச்சுவரில் ஊசியின் பிடி தளர்ந்தது. உச்சமான இடங்களில் வலது ஸ்பீக்கர் கரகரத்தது. கேட்பதற்கு மட்டுமல்ல, தட்டுக்கும் கேடு. பிடியில்லாமல் தடுமாறும் ஊசி சுவரைச் சிதைத்துவிட்டால், அந்தத் தட்டில் அந்த இசை திரும்ப வராது.

தீர்வு எளிமையானது: கையை வெளிப்பக்கமாக அதே அளவுக்கு இழுத்துவிடு! இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. நிறுவனத்தின் 3009 சீரிஸ் 2 கையில், நூலில் தொங்கும் எடை இந்த வேலையைச் செய்தது. மற்றவர்கள் ஸ்பிரிங்கையும் காந்தத்தையும் பயன்படுத்தினார்கள். 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2-வில் அது வெறும் திருகு. ஊசியின் அழுத்தம் எத்தனை கிராமோ அதே எண்ணில் வைத்தால் போதும் என்பது பொது விதி.

ஆனால் 'போதும்' என்பதுதான் உண்மை, 'சரி' அல்ல. உராய்வு ஒரே அளவில் நிற்பதில்லை. உரத்த இசையில் கூடும், ஊசி முனையின் வடிவத்துக்கேற்ப மாறும். பள்ளமில்லாத வழுவழுப்பான தட்டில் ஊசியை வைத்து அளவு பார்ப்பவர்கள் உண்டு. அங்கே ஊசியின் நுனி மட்டுமே தொடுகிறது, பள்ளத்திலோ இரு பக்கமும் தொடுகிறது. எனவே அந்த அளவு அப்படியே பொருந்தாது. காதுதான் நல்ல அளவுகோல். உரத்த இடத்தில் வலது பக்கம் முதலில் கரகரத்தால் திருகைக் கூட்ட வேண்டும், இடது என்றால் குறைக்க வேண்டும்.

நோயின் வேரையே வெட்டப் பார்த்தவர்களும் உண்டு. 1972-ல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன், பியோகிராம் 4000-ல் கையையே நேர்கோட்டில் நகர வைத்தது. ஆனால் அதற்குத் தனி மோட்டார், உணர்கருவி எல்லாம் வேண்டும். அச்சில் திரும்பும் எளிய கையை அது ஒழிக்கவில்லை. 2010-ல் நிறுத்தப்பட்ட எஸ்.எல்-1200 வரிசை 2016-ல் மீண்டும் வந்தபோதும் அந்தத் திருகு அதே இடத்தில் இருந்தது.

கணக்குப் பதிவியலில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. 1924-ல் கோணலைக் குறைத்ததற்கான விலைதான் அந்தத் திருகு. கணக்கு முழுசாக நேராகவில்லை. ஆனாலும் பாட்டு நன்றாகவே கேட்கிறது!