புலியின் முன் இரு மீன்கள்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், தண்டலத்தில் சிறிது நேரம் நின்றால் போதும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கனரக வண்டிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சின்னத்தைச் சுமந்து செல்லும். எழுத்தைப் படிக்கும் முன்பே அது யாருடையது என்று கண் சொல்லிவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்று அழைக்கப்பட்ட இதே நிலப்பகுதியில், எழுத்தறியாத குடியானவனும் ஒரு சின்னத்தைக் கண்டதும் ஆணை யாருடையது என்று அறிந்திருப்பான். அது சோழரின் அரச முத்திரை.

இங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்தன முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகள். மொத்தம் 31 ஏடுகள். பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியை, மன்னனின் ஆறாம் ஆட்சியாண்டைக் குறித்து அவை சொல்கின்றன. ஏடுகளைக் கோத்த வளையத்தின் இணைப்பில் வட்டமான முத்திரை. அமர்ந்த புலி, அதன் முன் இரு மீன்கள், வில், மேலே வெண்கொற்றக் குடை, சாமரங்கள். விளிம்பைச் சுற்றி, இது பரகேசரிவர்மன் ராஜேந்திர சோழனின் ஆணை என்று கிரந்த எழுத்தில் வடமொழி வாசகம்.

இத்தகைய முத்திரையை அடையாளம் காண விலங்கு மட்டும் போதாது. பன்றியைக் கண்டதும் சாளுக்கியர் என்று சொல்லிவிட முடியாது. விஜயநகரத்தாரும் வராகத்தையே கொண்டனர். காளை பல்லவருக்கு உரியது. யாழ்ப்பாண அரசரின் சேது நாணயங்களிலும் காளை உண்டு. எழுத்தின் வடிவம், வாசகம், உருவங்களின் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் முடிவுக்கு வர இயலும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. புலி சோழனுடையது, மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. அப்படியானால் முத்திரை யாருடையது? சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை தொடங்கும் இடத்தை நினைவுகூரலாம். அங்கும் இமயத்தின் நெற்றியில் இதே மூன்று சின்னங்கள் உள்ளன. ஆனால் மதுரையில் நின்று பாடப்படுவதால் கயலே முதன்மை பெறுகிறது. புலியும் வில்லும் அதன் அயலில் நிற்கின்றன. சோழ முத்திரையிலோ நடுவில் வீற்றிருப்பது புலி. சின்னங்கள் அவையே; அமர்த்தும் கை மாறும்போது பொருளும் மாறுகிறது.

இதை வெற்றியின் பதிவு என்று மட்டும் கொள்வது வழக்கம். எனக்கு ஓர் ஐயம் உண்டு. வால்டர் எலியட் 1886இல் வெளியிட்ட தென்னிந்திய நாணய நூலில் உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசு ஒன்று இடம்பெற்றுள்ளது. அதிலும் புலியின் எதிரே மீன். இந்த உத்தம சோழனை, 985இல் அரியணை ஏறிய ராஜராஜனுக்கு முன் ஆண்டவனாகவே அறிஞர் கொள்கின்றனர். அப்போது மதுரை உறுதியாகச் சோழர் கைக்கு வந்திருக்கவில்லை. முதலாம் பராந்தகன் "மதுரை கொண்ட" என்று பட்டம் பூண்டது உண்மைதான். ஆனால் 949இல், திருவாலங்காட்டுக்கு அருகிலேயே உள்ள தக்கோலத்தில் சோழப்படை ராஷ்டிரகூடரிடம் தோற்றது. அதன்பின் தெற்கிலும் பாண்டியர் தலையெடுத்தனர். ஆகவே பொன்னில் பொறித்த அந்த மீன், கையில் இருந்த நாட்டைக் குறிக்கவில்லை. விட்டுக்கொடுக்க மறுத்த உரிமையையே குறித்தது எனலாம்.

இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் செய்ததும் இதுவே. பிரெஞ்சு அரியணை தனக்குரியது என்று கோரி, 1340இல் அந்நாட்டின் அல்லி மலர்களைத் தன் கேடயத்தில் சிங்கங்களோடு சேர்த்துக்கொண்டான். பிரான்சில் எஞ்சியிருந்த கலே நகரும் 1558இல் கைவிட்டுப் போயிற்று. அல்லிகள் 1801இல்தான் நீக்கப்பட்டன.

ராஜேந்திரன் காலத்தில் கோரிக்கை உண்மையாயிற்று. அவன் மகன் சோழபாண்டியன் என்னும் பெயரோடு மதுரையிலிருந்து ஆண்டான். ஆயினும் 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் எழுந்து சோழ அரசை முடித்துவைத்தனர். புலி மறைந்தது, பாண்டியரின் கயல் கோயில் விதானங்களில் நீந்தத் தொடங்கியது.

முத்திரை வரலாற்றைச் சொல்வதில்லை. வரலாறு எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அரசு விரும்பியதைச் சொல்கிறது. அந்த விருப்பத்துக்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே அதைப் படிப்பவரின் வேலை.