ஒரு பாடகரின் மரணமும் சென்னையின் ஆறு மாதிரிகளும்

குயீன் இசைக்குழுவின் ஃபிரெடி மெர்குரி 1946இல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதே, தோழர்களோடு 'ஹெக்டிக்ஸ்' குழுவில் பியானோ வாசித்தார்.

குயீனுடனான அவரது கடைசி இசைப்பயணம் 1986இல் நடந்தது. அதே ஆண்டில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், முதுநிலை மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார். பிரித்தெடுத்த சீரம் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் காத்திருந்தது. பிறகு பரிசோதனைக்காக ரயிலில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின; எச்.ஐ.வி. இருப்பதன் அடையாளம் அது. தேசத்தின் கண்ணைத் திறந்த அந்தப் பெண்களுக்கு உரிய நன்றி இன்றுவரை சொல்லப்படவில்லை.

தமக்கு எய்ட்ஸ் என்பதை மெர்குரி 1991 நவம்பர் 23இல் அறிவித்தார், மறுநாள் இறந்தார். 1992 ஏப்ரல் 20இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த நினைவுக் கச்சேரியின் வருவாயிலிருந்து மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை உருவானது. ரசிகர்களின் துயரம் எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்கு நிதியாயிற்று.

தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பை 1994இல் அமைந்த மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்றது. 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற 2003ஆம் ஆண்டு விளம்பரம், வீட்டில் வாய் திறக்கத் தயங்கிய பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. துணிச்சலான வேலை அது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை இருந்தது.