பழைய கணிப்பொறிக்குப் புதிய நினைவகம்



சிங்கப்பூரின் வடகோடியில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது செம்பவாங். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ரப்பர்த் தோட்டப் பகுதி. பின்னர் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் வந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் 1938-இல் அங்கே உலர்துறை திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் அத்தளத்தில் பெருமளவில் வேலை செய்தார்கள். 1968-இல் அது செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. பழுதடைந்த கப்பல்கள் வந்து செப்பனிடப்பட்டு மீண்டும் கடலுக்குப் போயின. கப்பல் பழசாயிற்று என்பதற்காக யாரும் அதை உடனே உடைத்துவிடுவதில்லை அல்லவா? அதே கணக்கை மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கும் போடலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய பெட்டி மெதுவாக ஓடுகிறது, கடைக்காரர் புதியது வாங்கச் சொல்கிறார் என்றால், இது பல மாதச் சம்பளத்தைப் பற்றிய கேள்வி ஆகிறது.

முதலில் இரண்டு உறுப்புகளைத் தெரிந்துகொள்வோம். கணக்குப் போடுவது புராசஸர் எனப்படும் செயலி. கைவேலைக்கு வேண்டியதை அவ்வப்போது வைத்துக்கொள்ளும் இடம் மெமரி எனப்படும் நினைவகம். பால் வெட்டுகிறவருக்கு எவ்வளவு விரைவான கை இருந்தாலும், வாளி சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? பாதி நேரம் பால் கொட்டும் கொட்டகைக்கும் நிரைக்குமாக நடந்தே கழியும். நினைவகம் போதாத கணிப்பொறியும் அப்படித்தான். வட்டுக்கும் நினைவகத்துக்குமாக ஓயாமல் அலைகிறது. நாம் செயலியைக் குறை சொல்கிறோம். குறை வாளியில் இருக்கிறது.

இந்தக் குறையைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டு தொடங்கியவர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சிம் வோங் ஹூ என்பது அவர் பெயர். 1955-இல் பிறந்தவர், புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் பெரிய குடும்பமொன்றில் வளர்ந்தவர். 1981-இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கணிப்பொறிப் பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். அங்கே அவர் உருவாக்கிய பொருள்களில் ஒன்று, ஆப்பிள் டூ கணிப்பொறிக்கான கூடுதல் நினைவகப் பலகை.

1977-இல் வெளிவந்த ஆப்பிள் டூவின் மேல்மூடியைக் கையாலேயே திறக்கலாம். உள்ளே எட்டுச் செருகுதுளைகள் இருந்தன. நினைவகம் நான்கு கிலோபைட்டிலிருந்து தொடங்கியது. தாய்ப்பலகையில் 48 வரை ஏற்றலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் தனிப் பலகையைச் செருக வேண்டும். 1980-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வேறொரு செயலியையே ஒரு பலகையில் வைத்து இதே பொறிக்கு விற்றது. உறுப்பை மாற்றிப் பொறியின் ஆயுளை நீட்டும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1981-இல் வந்த ஐபிஎம் கணிப்பொறியிலும், கணக்கு வேகத்தைக் கூட்டும் துணைச் செயலிக்கென ஒரு குழி காலியாக விடப்பட்டிருந்தது. பழைய செயலிக்குப் பதிலாகப் பொருத்தும் ஓவர்டிரைவ் செயலியை இன்டெல் 1992-இல் விற்கத் தொடங்கியது. நினைவகச் சில்லுகளைப் பொறுத்தவரை சிங்கப்பூரே உற்பத்திக் களமாயிற்று. செம்பவாங்குக்கு அடுத்த உட்லண்ட்சில், 1991-இல் நிறுவப்பட்ட டெக் செமிகண்டக்டர் ஆலை அவற்றைத் தயாரித்தது. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள சிம் லிம் சதுக்கமோ இத்தகைய உறுப்புகளுக்குப் பேர்போன கடைத்தொகுதி.

சரி, நம் வீட்டுப் பெட்டிக்கு எதைச் செய்வது? என் கருத்தில் முதலில் நினைவகம். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஆனால் எல்லா நினைவகப் பலகையும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தாது. டிடிஆர் என்ற இனத்தில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தலைமுறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருக்கும். உள்ளே இருப்பதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது. பெட்டியில் 32 பிட் விண்டோஸ் இருந்தால், சாதாரணமாக நான்கு கிகாபைட்டுக்கு மேல் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதாகும்.

செயலியை மாற்றுவது சற்றுச் சிக்கலான வேலை. தாய்ப்பலகையில் உள்ள குழியும், அந்தப் பலகையின் அடிப்படை மென்பொருளும் புதிய செயலியை ஏற்க வேண்டும். இரண்டில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் பெட்டி எழும்பாது. புதுப் பலகை வாங்கினால் நினைவகமும் சேர்த்து மாற வேண்டி வரலாம். அப்போது செலவு புதிய பெட்டிக்கு அருகில் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. எவ்வளவு நினைவகம் ஏற்றினாலும் அந்தக் கதவு திறக்காது. அத்தகைய பெட்டியில் லினக்ஸை இலவசமாகப் போட்டு, பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலிப்பலகையால் உலகப்புகழ் பெற்றது. 2006-இல் ஒரு காப்புரிமை வழக்கைத் தீர்க்க அதற்குப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது வேறு யாருமல்ல, ஆப்பிள் நிறுவனமே. சிம் 2023 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார்.

பெட்டியைத் திறப்பவர்கள் மின்கம்பியை முதலில் பிடுங்கிவிடுங்கள். உறுப்பைத் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும். நினைவகப் பலகையின் வெட்டுப்பள்ளம் செருகுதுளையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அழுத்தாதீர்கள், அது வேறு இனமாக இருக்கலாம்.