பிராதுக்குப் பின்: சில்லறைக் கடன் வழக்குகளின் கதை

கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், களமருதூரைப் போன்ற உள்ளூர்களிலிருந்து ஐந்து பத்து ரூபாய்க் கடனுக்காக வெளியூர் நீதிமன்றத்துக்கு நடந்தால் வழிச்செலவே கடனை விழுங்கிவிடும். இதை உணர்ந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816இல் பிறந்த ஒழுங்குச் சட்டங்கள், ஊர்த் தலைவரைக் கிராம முன்சீப் ஆக்கி, 10 ரூபாய் வரையிலான வழக்குகளை அவரிடமே விட்டன. 1889ஆம் ஆண்டின் கிராம நீதிமன்றச் சட்டம் அவ்வரம்பை 20 ரூபாயாக்கியது. கிராம முன்சீப் விசாரிக்கும் வழக்குகளின் பிராதுகளுக்கு, அதாவது வாதி தரும் வழக்கு மனுக்களுக்கு, 1870இன் நீதிமன்றக் கட்டணச் சட்டம் கட்டணமே விதிக்கவில்லை.

கிராம முன்சீப்பின் வரம்புக்கு மேற்பட்ட தொகைகளுக்காக 1887இல் வந்த மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டம், 500 ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் குறுக்குவழி வகுத்தது. அதன்படி, பிரதிவாதிக்குச் சம்மன் சார்வு செய்யப்பட்டும், அதாவது நேரில் சேர்க்கப்பட்டும், அவர் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு, பிறக்கும். அதை நீக்கக் கோருபவர் முதலில் டிக்ரித் தொகையைக் கட்டவோ அதற்கு ஈடு காட்டவோ வேண்டும். மேல்முறையீடு இல்லை, உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மட்டுமே உண்டு. கையில் காசில்லாததால் கடன்பட்டவனிடம் காசு கட்டிவிட்டு வாதாடு என்பது விரைவுக்காகக் கொடுத்த பெரிய விலைதான்.

ஆனால் குறுக்குவழி டிக்ரியோடு நின்றுவிட்டது. இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை டிக்ரி கிடைத்த பிறகே தொடங்குகிறது என்று அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே கூறியிருந்தது. சிறுவழக்கு நீதிமன்றம் நிலத்தை ஜப்தி செய்ய இயலாது. அதற்கு டிக்ரியை வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற வேண்டும். அசையும் பொருளைத் தேடி அமீனா, அதாவது நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் ஊழியர், வீட்டுக்குப் போனாலும், சமையல் பாத்திரம், படுக்கை, உழவரின் கலப்பை, மாடு, விதைநெல் ஆகியவற்றை 1908இன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் காத்தது. ஏழை உழவர் வீட்டில் இவை போக எஞ்சுவது என்ன? கடனாளியைச் சிவில் சிறையில் வைக்கவும் அச்சட்டம் இடம் தந்தது: தொகை 50 ரூபாய்க்கு மேற்பட்டால் ஆறு மாதம், மற்றபடி ஆறு வாரம். அவரது சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். விடுதலையாலும் கடன் தீர்ந்ததாகாது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்ய முடியாது.

இன்று 2,000 ரூபாய் வரையிலான டிக்ரிக்குச் சிறை கிடையாது. பண டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனுவுக்கு 1963இன் காலவரையறைச் சட்டம் தரும் கெடு 12 ஆண்டுகள்.