வேகக் கேமராவில் சிக்கினால் அடுத்து என்ன?

புது தில்லி: அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறிய வாகனம் கேமராவில் பதிவானால், இ-செலான் எனப்படும் மின்னணு அபராத ரசீது, பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளரின் பெயருக்கே வரும். வாகனத்தை விற்ற பின்னரும் பெயர் மாற்றம் செய்யாதவர்கள், பிறரது விதிமீறலுக்குப் பதிலளிக்க நேரிடும்.

அபராதம் எவ்வளவு?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவின்படி, இலகுரக வாகனங்களுக்கு ரூ.1,000 முதல் ரூ.2,000 வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரையும் அபராதம் விதிக்கப்படும். மாநில அரசுகள் நிர்ணயிக்கும் சமரசத் தொகை இதிலிருந்து மாறுபடலாம். மீண்டும் பிடிபட்டால் ஓட்டுநர் உரிமமும் கைப்பற்றப்படும்.

எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

2021-இல் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, வாகனப் பதிவெண் தெளிவாகத் தெரியும் புகைப்படம், பதிவான வேகம், இடம், தேதி, நேரம் ஆகியவை செலானில் இடம்பெற வேண்டும். பதிவெண் தவறாக இருந்தால் போக்குவரத்துக் காவல்துறையிடம் முறையிடலாம். அபராதம் செலுத்தப்படாவிடில் வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கு உரிமையாளர் தமது தரப்பை எடுத்துரைக்கலாம்.

போலிச் செய்திகள்

செலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறக்கக் கூடாது. அவை வங்கிக் கணக்கிலுள்ள பணத்தைத் திருடப் பயன்படுத்தப்படுகின்றன. மத்திய அரசின் பரிவாஹன் இ-செலான் இணையதளத்தில் வாகன எண்ணை நேரடியாக உள்ளிட்டு, நிலுவை உள்ளதா என உறுதிசெய்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.